எறிஞ்ச கைக்கு நாலு நாள்

1

போன மாதம் வேலையிடத்தில எனக்குக் கொடி ஏத்திச்சினம். பயப்பிடாதேங்கோ, ஆபத்தொண்டும் நடக்கேல்லை. இந்த டென்மார்க்கில பிறந்தநாளுக்கும் கொடி, கலியாணத்துக்கும் கொடி, பிள்ளை சோதினை பாஸ் பண்ணினாலும் கொடி. இக்காஸ்ட்டில நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்துக்கு வந்து இருபத்தைஞ்சு வருசம் முடிஞ்சுதெண்டு, காலமை எட்டு மணிக்கே வாசலில சிவப்பு வெள்ளைக் கொடி. மேசையில வட்டப் பாண், சீஸ், கேக். கேக்கிலயும் பல்லுக்குத்திற குச்சியில ஒரு குட்டிக் கொடி.

எங்கட பொறுப்பாளர் கிர்ஸ்டன் எழும்பிக் கதைச்சா. வழக்கமா எண்ணி மூண்டு வசனம் கதைக்கிற மனுசி, அண்டைக்கு ஒரு பேப்பரைப் பாத்து வாசிச்சா. "இந்த இருபத்தைஞ்சு வருசத்தில, பிள்ளைப்பேறு லீவைத் தவிர, இவ வருத்தமெண்டு வீட்டில நிண்டது ஒரு நாள்கூட இல்லை!" எல்லாரும் கை தட்டிச்சினம். நான் ஒவ்வொரு நாளும் கட்டிலில இருந்து சக்கரக் கதிரைக்கு மாத்திற தொண்ணூறு வயசு மனுசியும் தட்டினா. வேலைக்கு லீவு போட்டிட்டு வந்த என்ர மனிசனும் தட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பெருமையாத்தான் இருந்தது.

மகள் அபிரா மட்டும் தட்டேல்லை. பதினாறு வயசு. கையைக் கட்டிக்கொண்டு சுவரோட சாஞ்சு நிண்டாள்.

காரில கேட்டன். "என்னடி, உன்ர அம்மாவுக்கு ஒருக்காக் கை தட்டினால் கை தேஞ்சு போயிடுமோ?"

அவள் டெனிஸ் மொழியிலதான் மறுமொழி சொல்லுவாள். நான் தமிழில கேப்பன், அவள் டெனிசில சொல்லுவாள், இப்பிடியே பதினாறு வருசம் ஓடிப்போச்சு. இஞ்ச தாயை மோர் எண்டுதான் கூப்பிடுறது. வெயிலுக்குக் குடிக்கிற சாமானாக்கிப் போட்டாளே எண்டு முதலில கவலைப்பட்டன், இப்ப பழகிப்போச்சு.

"மோர், அது பெருமைப்படுற விசயமில்லை," எண்டாள். "என்ர ட்ரேனர் ஒரு ஆளை அப்பிடி வேலை வாங்கியிருந்தால் அவரைக் கழகத்தை விட்டே கலைச்சிருப்பினம்."

அவளின்ர ட்ரேனரைப் பற்றிச் சொல்லுறதெண்டால், முதலில பேஸ்போலைப் பற்றிச் சொல்லவேணும்.

2

இக்காஸ்ட்டில பிறந்த பெட்டையள் ஹான்ட்போல் விளையாடுவினம். அதுதான் இந்த ஊர் வழக்கம். என்ர மகளுக்கு மட்டும் எங்கயிருந்தோ பேஸ்போல் ஆசை பிடிச்சுது. டென்மார்க்கில பேஸ்போல் விளையாடுற முழுப் பேரையும் எங்கட கோயில் தேருக்கு வாற சனத்துக்குள்ள விட்டால், பிறகு தேடிப் பிடிக்கேலாது. அவ்வளவு கொஞ்சப் பேர். அதால, காரில முக்கால் மணித்தியாலம் ஓடித்தான் கழகத்துக்குப் போறது. பெடியளும் பெட்டையளும் ஒண்டாத்தான் விளையாடுறது.

எனக்கு முதல் வருசம் ஒரு மண்ணும் விளங்கேல்லை. பந்து பிடிக்கிற பிள்ளை குந்தியிருந்து காலுக்கு நடுவில விரலை ஆட்டிக் காட்டும். பாவம், ஏதோ சொறி எண்டு நினைச்சு, அதின்ர தாயிட்ட நல்ல பூச்சு மருந்தொண்டு சொல்லவும் வெளிக்கிட்டனான். பேந்துதான் விளங்கிச்சுது, எந்த மாதிரிப் பந்து எறியவேணும் எண்டு பிற்சருக்குக் காட்டுற சைகையாம். பிற்சர் எண்டது நடுவில மேட்டில நிண்டு பந்து எறியிற ஆள். என்ர மகள்தான் அந்த அணியில முதல் பிற்சர். ஆட்டத்தைத் தொடக்கிறதே அவள்தான்.

கிரிக்கெற்றில ஒரு ஓவர் போட்டால் அடுத்த ஓவரை வேற ஆள் போடும். இதில அப்பிடியில்லை. தொடக்கின ஆள் களைக்குமட்டும் எறிஞ்சு கொண்டேயிருக்கவேணும், அதுவும் ஒவ்வொண்டும் முழு விசையோட. அப்பிடி எறிஞ்சால் முழங்கையும் தோளும் என்ன பாடுபடும்! அதால ஓய்வுக்கு எண்டு ஒரு கணக்கிருக்கு. அமெரிக்காவில சம்பளத்துக்கு விளையாடுற பெரிய ஆக்களிலயும் அஞ்சு பேரை முறை வச்சுத்தான் எறிய விடுவினமாம். ஒருத்தருக்கு அடுத்த முறை வர நாலு, அஞ்சு நாள் செல்லும். யப்பானில கிழமைக்கு ஒருக்காத்தானாம். முந்தி மூண்டு நாளிலயே திருப்பி எறிஞ்சவையாம், கனபேருக்குக் கை போனதுதான் மிச்சம் எண்டு அபிரா சொன்னாள். வளருற பிள்ளையள் எண்டால் இன்னும் கண்டிப்பு. எத்தினை பந்து எறிஞ்சது எண்டு எண்ணி, அதுக்கேற்ற மாதிரி நாள் விடவேணும். கனக்க எறிஞ்சால் முழுசா நாலு நாள்.

அந்தப் பந்துகளை எண்ணுற ஆள் ஆர் தெரியுமோ? நான்தான்! இஞ்சத்தைக் கழகங்களில தாய் தேப்பன் சும்மா வந்து பாத்திட்டுப் போகேலாது, ஆளுக்கொரு வேலை செய்யவேணும். ஒராள் சொசேச் சுடும், ஒராள் கோடு போடும். ட்ரேனர் யென்ஸ் என்ர கையில ஒரு குட்டி மெசினைத் தந்தார். பெருவிரலால அமத்தினால் ஒரு இலக்கம் கூடும். ஆட்டம் முடிய எண்ணிக்கையை ஒரு நீலக் கொப்பியில எழுதி, ஆருக்கு எத்தினை நாள் ஓய்வெண்டும் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். நான் பிழை விட்டதில்லை. யென்ஸ் என்னை "எங்கட கணக்குப்பிள்ளை" எண்டமாதிரி ஒரு டெனிஸ் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கொப்பியில நாலு நாள் எண்டு என்ர கையால எழுதிப் போட்டு, வீட்டை வந்து, "என்ன பிள்ளை சோபாவில கிடக்கிறாய், எழும்பி அந்த உடுப்பை மடிச்சு வையன்" எண்டு சொல்லுறதும் நான்தான். எங்கட வீடுகளில சும்மா இருக்கிறது எண்டது ஒரு வசவெல்லோ.

3

இதுக்கு ஊரில ஒரு வேர் இருக்கு. நான் படிச்ச பள்ளிக்கூடத்தில பரிசளிப்பு விழாவில முழு வரவுக்கெண்டு ஒரு பரிசு குடுக்கிறவை. வருசம் முழுக்க ஒரு நாளும் நிக்காமல் வந்த பிள்ளைக்கு. கணக்கில எனக்குப் பரிசு கிடைக்காது, பாட்டில சொல்லவே வேண்டாம். ஆனால் வாறது என்னால ஏலும். மூண்டு வருசம் தொடர்ந்து வாங்கினன்.

மூண்டாவது வருசம் எனக்குக் கூகைக்கட்டு வந்தது. ஒரு பக்கக் கன்னம் பலாக்கொட்டை மாதிரி வீங்கிப் போச்சு. வீட்டில ஆரும் காணமுன்னம் தலைமயிரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடினன். ரீச்சர் கேட்க, பல்லுக்கொதி எண்டு பொய் சொன்னன். ரெண்டு கிழமையில அரைவாசி வகுப்புக்குக் கூகைக்கட்டு. அந்த வருசம் முழு வரவுப் பரிசுக்கு என்னைவிட்டால் வேற ஆளில்லை! ஒரு பிளாஸ்ரிக் சவர்க்காரப் பெட்டி தந்தவை. மேடையில வாங்கேக்க நான் நிண்ட நிலையைப் பாத்திருக்கவேணும்.

அந்தப் பிள்ளைதான் இஞ்ச வந்து முதல் தையல் ஆலையில நிண்டு, பிறகு முதியோர் இல்லத்துக்கு வந்தது. ஆளைத் தூக்க எங்களிட்ட மெசின் இருக்கு. ரெண்டு பேராப் பிடிக்கவேணும் எண்டு விதியும் இருக்கு. ஆனால் மெசின் வாறதுக்கிடையில நான் என்ர வலது தோளைக் குடுத்துத் தூக்கி இருத்திப் போடுவன். இப்ப ஒரு வருசமா அந்தத் தோள் கடுகடுக்குது. ஆருக்கும் சொல்லேல்லை. மேல் தட்டில இருந்த மிளகாய்த்தூள் போத்திலைக் கீழ்த் தட்டுக்கு மாத்தினன், அவ்வளவுதான். மனிசனுக்குத் தெரியாது. அபிரா ஒரு நாள் அந்தப் போத்திலைப் பாத்தாள், பிறகு என்னைப் பாத்தாள்.

4

இனி நான் விட்ட பிழைக்கு வாறன்.

இந்த வருசத்துச் சுற்றாட்டத்தின்ர கடைசி ஆட்டம், கொடி ஏத்தி ரெண்டு கிழமையால வந்த ஞாயிற்றுக்கிழமை. வெண்டால் அபிராவின்ர அணி முதல்முறையா இறுதிப்போட்டிக்குப் போகும். அதுக்கு முந்தின ஆட்டம் செவ்வாய்க்கிழமை. அண்டைக்கு அவள் எண்பத்தொரு பந்து எறிஞ்சாள், நான் எண்ணினன். புதன், வியாழன், வெள்ளி, சனி, நாலு நாள் ஓய்வு, ஞாயிறு திரும்பவும் எறியலாம். ஒரு நாள் கூடவுமில்லை, குறையவுமில்லை. "எனக்காகவே கலண்டர் அடிச்சிருக்கினம்," எண்டு குதிச்சுக்கொண்டு திரிஞ்சாள். ரெண்டு வருசமா அவள் இந்த ஒரு நாளுக்காகத்தான் மழைக்குள்ளயும் பனிக்குள்ளயும் எறிஞ்சு பழகினவள்.

வெள்ளிக்கிழமை சிவமண்ணை ரெலிபோன் எடுத்தார். சிவமண்ணைதான் எங்கட தமிழாக்களின்ர விளையாட்டுப்போட்டியை வருசா வருசம் நடத்துறவர். நாங்கள் வந்த புதுசில ஆஸ்பத்திரி, நகரசபை எண்டு எல்லா இடமும் கூட்டிக்கொண்டு திரிஞ்ச மனிசன். அவருக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு நாக்கு வராது.

"பிள்ளை, நாளைக்குப் பொம்பிளைப் பிள்ளையளின்ர கிரிக்கெற். எஸ்பியர்க்கில இருந்து ஒரு வான் நிறைய வருகினம். எங்களுக்குப் பந்து போட ஆளில்லை. உம்மட மகள் எறியிறவளெல்லோ? ரெண்டே ரெண்டு ஓவர்."

"ஓம் அண்ணை, அதுக்கென்ன, வருவாள்," எண்டிட்டன். அவளை ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

அபிரா கேள்விப்பட்டதும் துள்ளினாள். "மோர், நாளைக்கு நாலாவது நாள்! கொப்பியில நீதானே எழுதினாய்!"

"அது பேஸ்போலுக்கு. இது கிரிக்கெற். அது வேற, இது வேற. அதுவும் ரெனிஸ் பந்து, பஞ்சு மாதிரி."

"கை ஒண்டுதானே!"

"நான் வாக்குக் குடுத்திட்டன் அபிரா. சிவமாமாவின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

மனிசன் மெல்லமா, "விடனப்பா, பிள்ளை சொல்லுறதும் சரிதானே," எண்டார். நான் பாத்த பார்வையில தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போயிட்டார்.

சனிக்கிழமை போனம். ஸ்கீவ எண்ட ஊரில இருந்தும் ஆக்கள் ரெண்டு காரில வந்திருந்தினம், றோல்சும் வடையும் தேத்தண்ணியும், மைக்கில சிவமண்ணை. "இப்போது பந்துவீச வருகிறார் எமது டென்மார்க்கின் பேஸ்போல் வீராங்கனை, செல்வி அபிரா!" சனம் விசிலடிச்சுது. அந்த நேரம் ஆர்தான் மாட்டன் எண்டு நிப்பினம்? ரெண்டு ஓவர் மூண்டாச்சு, மூண்டு நாலாச்சு. எஸ்பியர்க் பிள்ளையள் விழ விழ, "இன்னொண்டு, இன்னொண்டு" எண்டு கத்தின ஆக்களில நானும் ஒருத்தி. கையில மெசின் இல்லை. ஆனாலும் என்ர பெருவிரல் தன்ரபாட்டில அமத்திக்கொண்டே இருந்தது. இருபத்திநாலு பந்து.

கப்பை வாங்கிக்கொண்டு வரேக்க அவள் இடக்கையால வலது முழங்கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள். நான் காணாத மாதிரி முகத்தைத் திருப்பினன்.

5

ஞாயிறு காலமை நல்ல வெயில். யென்ஸ் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னமும் கொப்பியைக் கேப்பார், போன ஆட்டத்துக்குப் பிறகு ஆர் எறிஞ்சது, எத்தினை எண்டு. அபிராவின்ர பேருக்கு நேர நான் முதலே எழுதி வச்சிருந்தன்: சனிக்கிழமை, பூச்சியம்.

ஏன் எழுதினன் எண்டு கேட்டால், அவளுக்காகத்தான் எண்டு சொல்லுவன். முழுக்க உண்மையில்லை. நான் விட்ட பிழையை நான்தான் மூடப் பாத்தன். பல்லுக்கொதி எண்டு சொன்ன அதே பெட்டைதான் அந்தப் பேனையைப் பிடிச்சது.

"பூச்சியம்தானே?" எண்டார் யென்ஸ்.

"ஓம், பூச்சியம்," எண்டன்.

அபிரா எனக்குப் பின்னால நிண்டதை நான் காணேல்லை. கொப்பியை எட்டிப் பாத்தாள். நான் தமிழில, ஆருக்கும் விளங்காதெண்ட துணிவில, "பேசாமல் இரு, அது கிரிக்கெற்தானே," எண்டன்.

அவள் என்ர கையில இருந்த பேனையை மெல்லமா இழுத்தெடுத்தாள். பூச்சியத்தை வெட்டினாள். இருபத்திநாலு எண்டு எழுதினாள். பேந்து யென்சுக்கு டெனிசில சொன்னாள்: "நேற்று எங்கட ஆக்களின்ர விளையாட்டுப்போட்டி. கிரிக்கெற் எறிஞ்சன். அம்மா எண்ண மறந்திட்டா. முழங்கை இறுகிப்போய்க் கிடக்கு."

அம்மா எண்ண மறந்திட்டாவாம்! ஆளுக்கு முன்னால என்னைக் காட்டிக்குடுக்கேல்லை என்ர பிள்ளை. அந்த இடத்திலயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம் போல கிடந்தது.

யென்ஸ் அவளின்ர முழங்கையை மடக்கிப் பாத்தார், நீட்டிப் பாத்தார். "நன்றி, சொன்னதுக்கு," எண்டார். பிறகு மற்றப் பிற்சர் எம்மாவைக் கூப்பிட்டு மேட்டுக்கு அனுப்பினார். சத்தமில்லை, ஏச்சில்லை. இந்த நாட்டு ஆக்களில எனக்கு விளங்காததே இதுதான், நாலு ஏச்சு ஏசினால் எனக்கும் கொஞ்சம் ஆறும்.

எம்மா கெட்டிக்காரிதான், ஆனால் பயந்திட்டாள். நான் அவளின்ர பந்துகளை எண்ணினன். அபிரா ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில இருந்துகொண்டு தண்ணிப் போத்தில் குடுத்தாள், எம்மா வந்து இருக்கேக்க முதுகைத் தடவிவிட்டாள், கத்திக் கத்தித் தொண்டையைக் கிழிச்சாள். ரெண்டு ஓட்டத்தால தோத்தினம். கடைசிப் பந்துக்குப் பிறகு அபிரா தொப்பியை முகத்தில இறக்கி விட்டாள்.

காரில முப்பது கிலோமீற்றர் வந்திட்டம். பிறகு நான்தான் தொடங்கினன்.

"ஏசன், அபிரா. ஏசிப் போடு."

அவள் யன்னலைப் பாத்துக்கொண்டு, தமிழில சொன்னாள். அவளுக்குத் தமிழ் வராதெண்டில்லை, முக்கியமான நேரத்துக்கெண்டு வச்சிருக்கிறாள். "எறிஞ்சது பரவாயில்லை அம்மா. நீங்கள் பிரோமிஸ் பண்ணினது, நான் எறிஞ்சன். ஆனா பூச்சியம் எழுதினது... நீங்கள் உங்கட கைக்கும் அப்பிடித்தான் எழுதிறீங்கள். ஒவ்வொரு நாளும்."

மிளகாய்த்தூள் போத்தில். எங்கட ஆக்கள் பிள்ளையளிட்ட மன்னிப்புக் கேக்கிறதில்லை, இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறதுதான். வீட்டை வந்து இடியப்பம் அவிச்சன். உரலைப் பிழியேக்க தோள் உயிர் போற மாதிரி நொந்தது. அவள் பேசாமல் வந்து, இடக்கையால உரலை வாங்கினாள்.

6

திங்கட்கிழமை எனக்குக் காலமை வேலை. ஆறு மணிக்கு எழும்பி ஜக்கற்றைப் போடக் கையை உயத்தினன், ஏலாது. ஆடுதில்லை. சரி, இடக்கையால இழுத்துப் போடுவம் எண்டு சுத்திச் சுத்தி ஆடிக்கொண்டு நிக்கிறன், அபிரா வாயில பல்லுத்தீட்டுற பிரஷோட வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள்.

என்ர ரெலிபோனை எடுத்து நீட்டினாள்.

"ஆருக்கு?" எண்டன்.

"வேலைக்கு. வருத்தமெண்டு சொல்லுங்கோ."

இதை எழுத வெக்கமாக் கிடக்கு. இருபத்தைஞ்சு வருசமா வேலை செய்யிற இடம், அங்கத்தை ஒவ்வொரு கிழவற்ற மருந்தும் எனக்குப் பாடம். ஆனால் வருத்தமெண்டு சொல்ல எந்த இலக்கத்துக்கு அடிக்கிறதெண்டு தெரியாது. மற்ற ஆக்கள் வராத நாளில என்னைக் கூப்பிடுற இலக்கம்தான் தெரியும். அபிராதான் தேடி எடுத்தாள். அது குளிர்சாதனப் பெட்டியில ஒட்டிக்கிடந்த பேப்பரிலயே இருந்துது, வருசக்கணக்கா, காந்தத்துக்குக் கீழ.

ஹன்ன எடுத்தாள், என்னோட வேலை செய்யிறவள். என்ர குரலைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோசம். "நல்ல காலம் நீ எடுத்தாய்! இண்டைக்கு ரெண்டு பேர் வரேல்லை. பின்னேரமும் சேர்த்து நிப்பியோ?"

ஓம் எண்ட சொல்லு தொண்டை வரைக்கும் வந்திட்டுது. சத்தியமா வந்திட்டுது. எனக்கது மூச்சு விடுற மாதிரி.

"இல்லை ஹன்ன," எண்டன். "எனக்கு... நான் வருத்தம்."

"நீயா?" எண்டாள். "ஐயோ, என்ன நடந்தது? எத்தினை நாள்?"

எத்தினை நாளெண்டு நான் என்னத்தைக் கண்டன்? ஒரு நாள் எண்டு சொல்ல வாயைத் திறந்தன். எனக்கு நேர எதிரில, வாய் முழுக்க நுரையோட, அபிரா வலக்கையை உயத்தி விரலைக் காட்டிக்கொண்டு நிண்டாள்.

"நாலு," எண்டன்.

நான் போனை வைக்குமட்டும் அவள் அந்த நாலு விரலையும் மடக்கேல்லை.